நிலைபொருளும் நிறைகோலும்



நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாகச் செல்லும் மலைப்பாதை ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தை அணுகுமிடத்தில் டயகம என்னும் தேயிலைத் தோட்டப் பகுதி இருக்கின்றது. அங்கே கிள்ளப்படும் கொழுந்து, வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்திச் சலிக்கப்பட்ட பின், தடித்த கடதாசிப் பைகளில் அடைபட்டுக் கொழும்புக்குப் பயணமாகின்றது. பையின் மேல் தோட்டத்தின் குறி, தூளின் தரம், தொகுதி இலக்கம், மொத்த நிறை, தேறிய நிறை ஆகியன எழுதப்பட்டிருக்கும். 1883ஆம் ஆண்டு தொடக்கம் கொழும்பில் நடைபெற்றுவரும் தேயிலை ஏலத்தில் அந்தப் பைகளை வாங்குபவர் டயகமவைக் கண்ணாற் கண்டவராக இருக்க வேண்டியதில்லை. மேலெழுத்தைக் கொண்டே சரக்கு இன்னதென்று அறிகிறார். ஆயினும் மேலெழுத்தை மாத்திரம் நம்பிப் பணம் கொடுப்பவர் வணிகத்தில் நெடுநாள் நிலைப்பதில்லை. மாதிரி எடுத்துச் சுவைத்துப் பார்ப்பதும், பையைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பதும் அதனாலேயே வழக்கமாயின.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்த ஏலம் இணைய வழிக்கு மாறியது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பாடசாலைகள் மூடியிருந்தபோது மலையகப் பிள்ளைகளின் படிப்பும் இணைய வழிக்கு மாறியது. இவ்வாறு நம் வாழ்க்கையின் பெரும்பகுதி இன்று கணினியையும் வெளியுலகையும் இணைக்கும் ஒரு சிறு சாதனத்தின் வழியாகச் சென்று வருகின்றது. அந்தச் சாதனமும் ஒவ்வொரு முறை கண்விழிக்கும்போதும் மேலெழுத்து உள்ள ஒரு மூட்டையைப் பெற்றே வேலை தொடங்குகின்றது. அந்த மூட்டையை நிறுத்துப் பார்ப்பவர் யார், எப்படி நிறுத்துப் பார்க்க வேண்டும், பாராமல் விட்டால் என்ன நேரும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் மூட்டை இன்னதென்று அறிவோம். கணினியிலுள்ள வை-ஃபைச் சில்லு, வெறும் கம்பியும் சுருளும் கொண்ட பொருளன்று. அது தானே ஒரு சிறு கணினி. அதற்கெனக் கணிக்கும் உறுப்பும் நினைவகமும் உண்டு. அலைகளைப் பெறுவது, அனுப்புவது, எந்த அலைவரிசையில் எப்போது பேசுவது என்பன போன்ற நுண்ணிய வேலைகளை அது தானாகச் செய்கின்றது. அவ்வேலைகளுக்கான கட்டளைத் தொகுதியை ஆங்கிலத்தில் ‘ஃபேம்வெயார்’ என்பர். தமிழில் நிலைபொருள் என வழங்குகின்றனர். பெயரில் நிலை இருந்தாலும், இன்றைய சில்லுகள் பலவற்றில் அது நிலையாகக் குடியிருப்பதில்லை. மின்சாரம் நின்றவுடன் சில்லின் நினைவு வெறுமையாகிவிடும். மீண்டும் மின்சாரம் வந்ததும் கணினியின் வட்டிலிருந்து ஒரு கோப்பாக எடுத்து ஊட்டினால்தான் அது வேலை செய்யும். சில்லின் விலை குறைவதும், பிழை கண்டால் கோப்பை மாற்றித் திருத்திவிடலாம் என்பதும் இம்முறையின் நன்மைகள்.

ஊட்டும் பொறுப்பு ‘டிரைவர்’ எனப்படும் சாதன இயக்கியைச் சார்ந்தது. லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்; அதன் மூலநிரல் யாவரும் படித்துப் பார்க்கக்கூடியவாறு திறந்திருப்பதே காரணம். அங்கே இயக்கி, தனக்கு இன்ன பெயருடைய நிலைபொருட் கோப்பு வேண்டுமென்று ‘கேர்னல்’ என்னும் உட்கருவிடம் கேட்கின்றது. உட்கரு அதற்கென ஒதுக்கப்பட்ட கோப்புறையில் தேடி, கோப்பை நினைவகத்தில் ஏற்றி, இரண்டு செய்திகளை இயக்கியிடம் ஒப்படைக்கின்றது. கோப்பு நினைவகத்தில் எங்கே தொடங்குகின்றது என்பது ஒன்று. அது உண்மையில் எத்தனை பைட்டு நீளமுடையது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது எண்ணை நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். இது கோப்பு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் எண்ணன்று. உட்கரு அளந்து சொன்ன எண். நம் தராசு அதுவே.

அக்கோப்பு எங்கிருந்து வருகின்றது? 2017ஆம் ஆண்டு வரை சில நிலைபொருட் கோப்புகள் லினக்ஸ் உட்கருவின் மூலநிரலுடன் சேர்ந்தே வந்தன. அவ்வாண்டு வெளியான 4.14ஆம் பதிப்பில் அவை நீக்கப்பட்டன. இன்று அவை தனியான ஒரு தொகுப்பில் பேணப்படுகின்றன. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலைப் பேணுவோர், சுதந்திர உரிமம் இல்லாத நிலைபொருட்களையும் நிறுவும் தட்டில் சேர்த்துக்கொள்வதென 2022ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானித்து, 2023 ஜூன் மாதம் வெளியிட்ட 12ஆம் பதிப்பில் அதனை நடைமுறைப்படுத்தினர். ஆகவே, சில்லைச் செய்த நிறுவனத்திலிருந்து தொகுப்புக்கும், தொகுப்பிலிருந்து வழங்கலுக்கும், வழங்கலிலிருந்து நம் வட்டுக்கும் எனப் பல கைகள் மாறியே அக்கோப்பு இயக்கியை அடைகின்றது. இது நேர்வழி. பழைய கணினியொன்றை வாங்கியவர், நிலைபொருள் இல்லை என்ற அறிவிப்பைக் கண்டு, இணையத்தில் எவரோ வைத்திருக்கும் கோப்பை இறக்கி உரிய கோப்புறையில் இடுவதும் உண்டு. அது குறுக்குவழி.

கோப்பைக் கெடுப்பதற்குக் கள்வன் வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. புதிய நிலைபொருளை வட்டில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் கோப்பின் முற்பாதி மாத்திரமே எழுதப்பட்டு நின்றுவிடக்கூடும். முற்பாதியில் உள்ள மேலெழுத்தோ முழுக் கோப்புக்கும் உரியது. பையின் மேல் ஐம்பது கிலோ என்றிருக்கும். உள்ளே இருபத்தைந்துதான் இருக்கும். தேய்ந்த வட்டும் பழுதான நினைவு அட்டையும் இதே தீங்கைச் செய்யவல்லன. ஆகவே, நம்பத்தகாத கோப்பு என்று நாம் சொல்லும்போது பகைவன் திரித்த கோப்பையும், விபத்தாற் குறைப்பட்ட கோப்பையும், செய்தவரே தவறாகச் செய்த கோப்பையும் ஒருங்கே கருதுகிறோம்.

கோப்பில் எண் தவறாக இருந்தால் என்ன, சில்லு வேலை செய்யாது போகும், அவ்வளவுதானே என்று நேயர்கள் எண்ணக்கூடும். அவ்வளவில் நிற்பதில்லை. இயக்கி பெரும்பாலும் உட்கருவின் உள்ளே இருந்து இயங்குகின்றது. சாதாரணச் செயலி ஒன்று தவறு செய்தால் இயங்குதளம் அதனை மாத்திரம் நிறுத்திவிடும். உட்கருவுக்குள் இருப்பதற்கோ வீட்டின் எல்லா அறைகளின் சாவியும் உண்டு. அங்கே நேரும் ஒரு தவறான வாசிப்பு இயந்திரம் முழுவதையும் செயலிழக்கச் செய்யலாம். ஒரு தவறான எழுத்து இயந்திரம் முழுவதையும் பிறர் கையில் ஒப்படைக்கலாம்.

இனி, கோப்பின் அமைப்பைப் பார்ப்போம். பெரும்பாலான நிலைபொருட் கோப்புகளின் முகப்பில் ஒரு தலைப்பகுதி இருக்கும். இது இன்ன வகைக் கோப்பு என்று காட்டும் அடையாள எண், பதிப்பு இலக்கம், உள்ளே எத்தனை பகுதிகள், ஒவ்வொரு பகுதியும் எங்கே தொடங்குகின்றது, எவ்வளவு நீளம், சில்லின் நினைவகத்தில் எந்த முகவரியில் இறக்க வேண்டும் என்பன அதில் இடம்பெறும். இன்டெல் நிறுவனத்தின் வை-ஃபைச் சில்லுகளுக்கான கோப்பில், தொடக்கத்தில் 4 பைட்டுகள் பூச்சியமாகவும், அவற்றையடுத்து ஐ, டபிள்யூ, எல் என்னும் எழுத்துகளைக் கொண்ட அடையாளமும் வரும். தலைப்பகுதிக்குப் பின் வகை, நீளம், உள்ளடக்கம் என்ற ஒழுங்கில் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

சோதனையின் முதற்படி, தலைப்பகுதியைப் படிப்பதற்கு முன்பே தொடங்குகின்றது. தலைப்பகுதி 64 பைட்டு என்றால், கையில் உள்ள கோப்பு 64 பைட்டாவது இருக்கின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். 10 பைட்டுக் கோப்பில் 40ஆவது பைட்டைப் படிக்க முயல்வது, இல்லாத பையின் மேலெழுத்தைப் படிப்பதை ஒக்கும். அதன் பின்னரே அடையாள எண் சரியா எனப் பார்த்தல் வேண்டும். அடையாளம் பொருந்தவில்லையெனில் அங்கேயே நிறுத்திவிடலாம். பொருந்தினாலோ, கோப்பு தன்னை இன்னதென்று சொல்லிக்கொள்கின்றது என்பது மாத்திரமே தெரிந்தது; அது உண்மை என்பது தெரியவில்லை. எவரும் அந்த எழுத்துகளை எழுதிவிடலாம்.

இரண்டாம் படி நீளத்தை ஒப்பிடுவது. கோப்பு உண்மையில் 3,00,000 பைட்டு என்று உட்கரு அளந்து சொல்லியிருக்கின்றது. தலைப்பகுதியோ, ஒரு பகுதி 2,00,000ஆவது பைட்டில் தொடங்கி 1,50,000 பைட்டு நீளம் செல்வதாகச் சொல்கின்றது. இரண்டையும் சேர்த்தால் 3,50,000. அதாவது, கோப்பின் எல்லையைத் தாண்டி 50,000 பைட்டுகளையும் எடுத்துக்கொள் என்று கோப்பு கட்டளையிடுகின்றது. எல்லைக்கு அப்பால் இருப்பது உட்கருவின் வேறு நினைவகம். இயக்கி சொன்னபடி கேட்டால், கடவுச்சொல்லோ கடிதமோ அங்கே எது இருந்தாலும் அதனைச் சில்லுக்கு அள்ளிக் கொடுக்கும். அல்லது அங்கே ஒன்றுமில்லாவிடில் இயந்திரமே நின்றுபோகும். மறுபக்கத்தில், இயக்கி 64,000 பைட்டு கொள்ளும் இடத்தை ஒதுக்கிவைத்திருக்க, கோப்பு 80,000 பைட்டை அதில் இடச் சொன்னால், மிகுதி வழிந்து அயலில் உள்ளவற்றை அழிக்கும். பகைவர் விரும்பித் தேடுவது இந்த வழிதலையே.

நீளத்தை ஒப்பிட வேண்டும் என்பது எளிதாகத் தோன்றினாலும், ஒப்பிடும் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. பழைய பேருந்துகளின் தூரமானி எல்லாச் சக்கரங்களிலும் ஒன்பதைக் காட்டிய பின், அடுத்த மைலில் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். கணினியின் எண்களும் அவ்வாறே. 32 இருமக் கூறுகளைக் கொண்ட எண்ணின் உச்சம் 4294967295. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பூச்சியம். இப்போது, ஒரு தீய கோப்பு தன் பகுதி 4294967000ஆவது பைட்டில் தொடங்கி 500 பைட்டு நீளம் செல்வதாகச் சொல்கின்றதென்று கொள்வோம். இயக்கி இரண்டையும் கூட்டுகின்றது. மானி ஒரு சுற்றுச் சுற்றி, விடை 204 என்று வருகின்றது. 204 என்பது 3,00,000ஐ விடச் சிறிது. ஆகவே சரி என்று இயக்கி ஒப்புக்கொள்கின்றது. காவலன் விழித்திருந்தும் களவு போயிற்று.

இதற்குப் பரிகாரம் கூட்டுவதை விட்டுக் கழிப்பது. முதலில் தொடக்க இடம் கோப்பின் அளவுக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். உட்பட்டதாயின், கோப்பின் அளவிலிருந்து தொடக்க இடத்தைக் கழித்து, மீதியை விட நீளம் மிகாமல் இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். முதற் சோதனை முடிந்திருப்பதால் இக்கழித்தல் ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. புரோட்காம் நிறுவனத்தின் கிகாபிட் வலையட்டைகளுக்காக லினக்ஸில் உள்ள பி.என்.எக்ஸ். 2 என்னும் இயக்கியில் இவ்வொழுங்கைக் காணலாம். நீளம் பூச்சியமல்லாதபோது தொடக்க இடம் பூச்சியமாக இருத்தல் ஆகாது; கோப்பின் அளவைத் தொடுதலும் ஆகாது; நான்கின் மடங்காக இருத்தல் வேண்டும்; நீளமோ மீதியை மிஞ்சலாகாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் கோப்பு நிராகரிக்கப்படும். ஒரு சிறு கைப்பிடி வரிகளில் முடிந்துவிடும் சோதனை அது.

கழிப்பதிலும் மற்றொரு கண்ணி இருக்கின்றது. சில கோப்புகளில் ஒவ்வொரு கட்டும் நான்கு பைட்டின் மடங்கில் முடிய வேண்டும்; குறைவை வெற்று பைட்டுகளால் நிரப்புவர். இனி 6 பைட்டுகளே எஞ்சியிருக்கின்றன. கடைசிக் கட்டின் நீளம் 5 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆறுக்குள் அடங்கும் என்று இயக்கி சோதித்துத் திருப்தியடைகின்றது. பின்னர் அடுத்த கட்டுக்குச் செல்வதற்காக ஐந்தை எட்டாக உயர்த்தி ஆறிலிருந்து எட்டைக் கழிக்கின்றது. குறை எண்ணைக் காட்டத் தெரியாத மானியில் விடை 4294967294 ஆகின்றது. இன்னும் ஏறக்குறைய 430 கோடி பைட்டுகள் எஞ்சியிருப்பதாக இயக்கி மயங்கி, எல்லைக்கு வெளியே நடந்துகொண்டே போகும். இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றுண்டு. எந்த எண்ணைச் சோதித்தோமோ அந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும். ஐந்தைச் சோதித்துவிட்டு எட்டைப் பயன்படுத்துதல், ஒரு பையை நிறுத்துவிட்டு வேறொரு பையை வண்டியில் ஏற்றுவதாகும்.

இன்னும் சில சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தலைப்பையும் சேர்த்தே நீளம் சொல்லும் கட்டு ஒன்று தன் நீளம் பூச்சியம் என்றால், இயக்கி ஓரடியும் முன்னேறாமல் அதே இடத்தில் முடிவின்றிச் சுற்றும். ஆகவே குறைந்தபட்ச நீளத்தையும் சோதிக்க வேண்டும். பகுதிகளின் எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். சில்லின் நினைவகத்தில் இறக்கவேண்டிய முகவரியும், அங்கிருந்து செல்லும் நீளமும் சில்லின் நினைவக எல்லைக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பதிப்பின் பெயரைத் தாங்கிய எழுத்துத் தொடர் முறையாக முடிவடைகின்றதா என்றும் பார்க்க வேண்டும். கோப்பிலிருந்து வரும் ஒவ்வோர் எண்ணும் ஒரு கூற்று; அளந்து பார்க்கும் வரை அது உண்மையன்று.

சோதனையில் கோப்பு தோற்றால் இயக்கி என்ன செய்ய வேண்டும்? பாதியை ஏற்றி மீதியை விடுதல் கூடாது. பெற்ற நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்து, சில்லை அமைதியான நிலையில் விட்டு, எதை எதிர்பார்த்தோம், எதைக் கண்டோம் என்று பதிவேட்டில் எழுதி, பிழை என்று சொல்லி விலகுதல் வேண்டும். வை-ஃபை மாத்திரம் கிடைக்காது. கணினியின் மற்றை வேலைகள் தடையின்றி நடக்கும். இன்டெல் வை-ஃபை இயக்கி, வேண்டிய புதிய பதிப்பின் கோப்பு வட்டில் இல்லையெனில், தான் அறிந்த முந்திய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கின்றது. மறுப்பதிலும் ஒரு பண்பு உண்டு என்பதற்கு இது சான்று.

இனி, கையொப்பத்தைப் பற்றி. கோப்பின் எல்லா பைட்டுகளையும் ஒரு கணக்கில் இட்டு வரும் சரிபார்ப்புத் தொகையைக் கோப்பிலேயே எழுதிவைப்பது ஒரு முறை. அது விபத்தைக் கண்டுபிடிக்கும், வஞ்சகனைக் கண்டுபிடிக்காது. கோப்பைத் திரித்தவன் தொகையையும் திருத்திவிடுவான். வஞ்சகனுக்கு எதிரான கருவி, மறைசாவி கொண்டு இடப்படும் இலத்திரனியல் கையொப்பம். அதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு, வானொலியோடு தொடர்புடையது. எந்த நாட்டில் எந்த அலைவரிசைகளை எவ்வளவு வலுவில் வை-ஃபை பயன்படுத்தலாம் என்ற விதிகள் லினக்ஸில் ஒரு சிறு தரவுக் கோப்பில் உள்ளன. இலங்கைக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. இக்கோப்பும் நிலைபொருளை எடுக்கும் அதே வழியிலேயே எடுக்கப்படுகின்றது. 2018 ஜனவரியில் வெளியான 4.15ஆம் பதிப்பு தொடக்கம், அதன் கையொப்பத்தை உட்கருவே சோதிக்கும் ஏற்பாடு இருக்கின்றது.

கையொப்பம் இருந்தால் நிறைகோல் எதற்கு என்று கேட்பாரும் உளர். கையொப்பம் அனுப்பியவர் யார் என்பதைச் சொல்லும். அனுப்பியது சரியா என்பதைச் சொல்லாது. செய்த நிறுவனமே நீளத்தைத் தவறாக எழுதிக் கையொப்பமிட்டிருக்கலாம். பிழை கண்டு கைவிடப்பட்ட பழைய பதிப்பும் முறையான கையொப்பத்தோடு உலவலாம். ஆகவே கையொப்பமும் வேண்டும், அளவையும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

மற்றொரு மறுப்பும் கற்றோரிடையே உண்டு. நிலைபொருட் கோப்புறையில் எழுதும் உரிமை கணினியின் நிர்வாகிக்கு மாத்திரமே உரியது. அவர் நினைத்தால் கணினியை வேறு வழிகளிலும் கெடுக்கலாம். அவ்வாறிருக்க அவர் இட்ட கோப்பைச் சந்தேகிப்பானேன் என்பது அம்மறுப்பு. இதில் ஓரளவு நியாயம் இருக்கின்றது. ஆயினும் காலம் மாறிவிட்டது. நிர்வாகியே ஆனாலும் உட்கருவைத் திரிக்க முடியாதவாறு பூட்டிவைக்கும் ஏற்பாடு 2019ஆம் ஆண்டில் 5.4ஆம் பதிப்பில் லினக்ஸில் சேர்ந்தது. நிலைபொருள் முதலிய கோப்புகள் அனைத்தும் நம்பிக்கைக்குரிய ஒரே வட்டுப்பகுதியிலிருந்தே வர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஏற்பாடு 2016ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இவ்வாறு பூட்டிய வீட்டில், அளக்காமல் வாங்கும் ஓர் இயக்கி திறந்த சாளரமாகிவிடும். அன்றியும், மின்வெட்டினாற் குறைப்பட்ட கோப்புக்கு நிர்வாகியின் நல்லெண்ணம் மருந்தாகாது. செலவோ மிகச் சொற்பம். சில ஒப்பீடுகள், அவையும் சாதனம் கண்விழிக்கும்போது மாத்திரமே.

நிறைகோலின் எல்லையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நிறை சரியாக இருப்பதனால் தூளின் சுவை நன்றாக இருக்கும் என்பதில்லை. 2017ஆம் ஆண்டில் நிட்டை ஆர்டென்ஸ்டைன் என்னும் ஆய்வாளர், புரோட்காம் நிறுவனத்தின் வை-ஃபைச் சில்லுகளில் ஓடிய நிலைபொருளில் ஒரு குறையைக் கண்டு வெளியிட்டார். கைப்பேசியின் உரிமையாளர் எதனையும் தொடாமலே, காற்றில் வரும் அலைகளைக் கொண்டு அச்சில்லைக் கைப்பற்ற முடிந்தது. அந்த நிலைபொருள் செய்தவரிடமிருந்தே வந்த உண்மையான பொருள், அளவிலும் குறைவில்லை. ஆகவே, நிலைபொருளை ஏற்றிய பின்னும் சில்லிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியின் நீளத்தையும் இயக்கி அளந்தே பெற வேண்டும். சில்லு கணினியின் நினைவகத்தில் எந்த இடங்களைத் தொடலாம் என்பதை வன்பொருளின் துணையோடு வரையறுத்துவிடுதலும் நன்று.

இயக்கியை எழுதுவோர் தம் சோதனைகளையும் சோதித்தறிதல் வேண்டும். நல்ல கோப்பொன்றை எடுத்து, அதனை ஒவ்வொரு நீளத்திலும் நறுக்கி ஊட்டிப் பார்க்கலாம். அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் பூச்சியமாகவும் உச்சமாகவும் மாற்றிப் பார்க்கலாம். எல்லை மீறிய நினைவக வாசிப்பைக் கையோடு பிடித்துக்காட்டும் கருவி ஒன்று 2015ஆம் ஆண்டு தொடக்கம் லினக்ஸ் உட்கருவிலேயே இருக்கின்றது. அதனை இயக்கிக்கொண்டு இச்சோதனைகளைச் செய்தால், மறைந்திருக்கும் பிழைகள் வெளிப்படும்.

நிரல் எழுதாத நேயர்களுக்கும் இதிலிருந்து கொள்ளத்தக்கன உண்டு. நிலைபொருட் கோப்பை உங்கள் இயங்குதளத்தின் முறையான பொதியிலிருந்தே பெறுங்கள். முன்பின் அறியாதவர் தரும் கோப்பைப் பெயர் ஒத்திருக்கின்றது என்பதற்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள். வீட்டு ரவுட்டருக்குப் புதிய நிலைபொருள் ஏற்றுவதானால் செய்தவரின் தளத்திலிருந்தே எடுத்து, மின்சாரம் நிலையாக உள்ள வேளையில் ஏற்றுங்கள். இடி மின்னல் வேளை அதற்கு உகந்ததன்று. கணினி நிலைபொருளை ஏற்க மறுத்து ஓர் அறிவிப்பைக் காட்டினால், அதனைப் பழுது என்று சினவாமல் படித்துப் பாருங்கள். பல வேளைகளில் அது உங்களைக் காத்த காவலனின் சொல்லாக இருக்கும்.

கொழுந்து கிள்ளி வரும் பெண், மடுவத்தில் தராசின் முள்ளைத் தன் கண்ணாற் பார்க்க விரும்புவது எவரையும் அவமதிப்பதற்காக அன்று. அன்றைய உழைப்பின் பலன் ஏட்டில் எழுதப்படும் எண்ணைப் பொறுத்திருக்கின்றது. அந்த எண் பொருளோடு பொருந்த வேண்டும் என்பதே அவர் கோருவது. நிலைபொருளை ஏற்றும் இயக்கியிடம் நாம் கோருவதும் அதுவே. எழுதியவர் எவ்வளவு பெரியவராயினும், எழுதப்பட்ட எண் வேறு, கையில் உள்ள பொருள் வேறு. இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே வாசலைத் திறத்தல் வேண்டும்.